துப்பறியும் நாவலும் துப்பறியாத வாசகரும்

ஒரு நூலைப் படித்தவன் அதைப்பற்றி அபிப்பிராயம் கூற உரிமையுடையவன். அவ்வுரிமையை எப்பேர்ப்பட்ட பண்டிதனும் பறித்துவிட முடியாது. ஆனால் உரிமை உள்ள இடத்திலே கடமையும் இருந்தே தீரும். தான் கூறும் அபிப்பிராயத்துக்குத் தக்க காரணம் காட்டுவதே வாசகனுடைய கடமை. காரணமில்லாத புகழ்ச்சி முகஸ்துதி. காரணமில்லாத இகழ்ச்சி வசை. இவ்விரண்டையும் விமர்சனம் என்ற பெயரால் வழங்கி வருகிறோமே, இது தகுமா என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

கொலையும் களவும் மர்மமும் நிறைந்த நாவல்களைப்பற்றி நம்மவர் சொல்லும் அபிப்பிராயங்களை எடுத்துக் கொள்வோம். கிளமெண்டியில் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்திலோ காப்பிக் கடையிலோ நாலு தமிழர் கூடி இப்பேச்சை எடுத்தால், அவர்களை மூன்று கட்சியாகப் பிரித்துவிடலாம். முதற் கட்சியார், "கையில் எடுத்தேன், முடிக்கும்வரை கீழே வைக்க முடியவில்லை" என்பர். அதற்குமேல் ஒரு சொல் அவர்களிடமிருந்து வராது. இரண்டாம் கட்சியார், "அது குப்பை, இலக்கியமே அன்று" என்பர். படித்தீர்களா என்று கேட்டால், "குப்பையை யார் படிப்பார்?" என்பர். மூன்றாம் கட்சியார், "கடைசியில் பேய்தான் செய்தது என்று முடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!" என்று பெருமூச்சு விடுவர். இம்மூவரிடமும் நமக்கு வழக்கு உண்டு.

முதலில் இரண்டாம் கட்சியாரைக் கவனிப்போம். படியாமலே தீர்ப்புக் கூறுகிறவர்கள் அல்லவா? 1945-ஆம் ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர், 'நியூ யார்க்கர்' பத்திரிகையிலே துப்பறியும் கதைகளை எள்ளி நகையாடி எழுதினார். அதற்குச் சில மாதங்கள் முன்னர் அவர் எழுதிய கட்டுரையைக் கண்டித்து வாசகர்கள் கடிதங்களைக் குவித்திருந்தார்கள். 'இவற்றைப் படித்துப் பாரும்' என்று அவர்கள் சுட்டிய ஆசிரியர்களின் நூல்களை எடுத்துப் படித்துவிட்டே அவர் மறுபடியும் வைதார். அவர் முடிவை நாம் ஒப்பவில்லை. ஆயினும் அவர் முறையை மதிக்கிறோம். அவர் படித்துவிட்டு வைதார். நம்மவர் படியாமலே வைகின்றனர். இதுதான் வித்தியாசம்.

மர்மக் கதை தமிழுக்குப் புதிதாக வந்த சரக்கும் அன்று. ஷெர்லாக் ஹோம்ஸ் தோன்றிய முதல் நாவல் 1887-இல் வெளிவந்தது. ஏழே ஆண்டுகளில், 1894-இல், பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்ற போலீஸ் நிபுணனைத் தமிழிலே உலவவிட்டார். அவருக்குப் பின் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் ஆயிரக்கணக்கான தமிழரைப் படிக்க வைத்தனர். வாசகசாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவனையும் அச்செழுத்தின் பக்கம் இழுத்து வந்தவை அவர்களுடைய கதைகள். அவற்றிலே தழுவலும் உண்டு, அலங்கார ஆபாசமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சமூகத்துக்கு வாசிக்கும் பழக்கத்தைத் தந்த நூல்களைக் குப்பை என்று ஒரே சொல்லால் ஒதுக்குவது, ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பதேயாகும்.

இன்னும் பின்னே போனால், தமிழனுடைய தலைசிறந்த காப்பியமே ஒரு குற்ற விசாரணையின்மேல் நிற்பதைக் காணலாம். ஒரு சிலம்பு களவு போகிறது. களவாடிய பொற்கொல்லனே அயலான் ஒருவனைக் காட்டிக் கொடுக்கிறான். அரசன் விசாரியாமல் கொல்லச் சொல்கிறான். பின்னர் ஒரு பெண் வந்து நின்று, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, உண்மை தெறிக்கிறது. கண்ணகி அங்கே அழுது மட்டும் நீதி பெறவில்லை. தடயத்தைக் காட்டி நீதி பெற்றாள். இதைப் பாராயணம் செய்கிற நாம், துப்பறியும் கதை என்றால் மூக்கைச் சுளிப்பது விந்தையிலும் விந்தை!

இனி மூன்றாம் கட்சியார். இவர்களுடைய அபிப்பிராயம் மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. சுஜாதா எழுதிய 'கொலையுதிர் காலம்' என்ற நாவலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1980-களின் தொடக்கத்தில் 'குமுதம்' வார இதழில் தொடராக வந்து, தமிழ்நாட்டிலும் கடல் கடந்த ஊர்களிலும் வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்த கதை அது. சொத்துக்கு உரிய இளம்பெண் ஒருத்தி, அவளைச் சூழ்ந்த கொலைகள், கண்ணுக்குத் தோன்றி மறையும் உருவம், உண்மை காணப் புறப்படும் வக்கீல்கள் கணேஷும் வஸந்தும். உருவம் பேயா, அல்லது மனிதன் செய்த சூதா? கணேஷ் பகுத்தறிவின் பக்கம் நின்று, ஹாலோகிராம் எனும் முப்பரிமாண ஒளிப்படிமத்தைக் காரணமாக ஆராய்கிறான். ஆயினும் ஐயத்தின் வாலை ஆசிரியர் முற்றிலும் நறுக்கிவிடவில்லை. குற்றவாளி யாரென்பதை நாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதைத் தானே கண்டறிவது படிக்கிறவனுடைய சொத்து.

இந்நாவலைப்பற்றி வாசகர் இன்றும் இரு பக்கமாகப் பிரிந்து வாதாடுகின்றனர். வாதாடுவது நல்லதே. ஆனால் பேய்க்கட்சியார் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்: "விஞ்ஞான விளக்கம் சப்பென்று இருக்கிறது, பேய் என்றால்தான் சுவை." ஒளிப்படிமத்தின் தத்துவத்தை 1947-இல் கண்டவர் டென்னிஸ் கேபார் என்ற விஞ்ஞானி. 1960-இல் லேசர் ஒளி பிறந்தபின் அது செயலுக்கு வந்தது. 1971-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இல்லாத ஒரு பொருளை இருப்பதுபோல் ஒளியால் எழுதிக் காட்டலாம் என்பது, சுடுகாட்டுப் பேய்க்கதை ஆயிரத்தைக் காட்டிலும் அதிசயம் அல்லவா? அவ்வதிசயத்தைச் சப்பென்று உணர்கிற நாக்கிலே கோளாறா, பண்டத்திலே கோளாறா? நாவலிலே விளக்கம் போதாதென்றால், இந்த இடத்தில் இந்தச் சான்று பொருந்தவில்லை என்று காட்டுக. அது விமர்சனம். அவ்வாறு காட்டி ஆசிரியரைக் கண்டிக்கிற வாசகனுக்கு நாம் தலை வணங்குவோம். பேய் வேண்டும் என்று ஏங்குகிறவனுக்கு வணங்கமாட்டோம்.

மேல்நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது. கானன் டாயில் 1893-இல் ஹோம்ஸை அருவியில் தள்ளி முடித்தபோது வாசகர் சினந்து கடிதம் எழுதினர். 1901-இல் அவர் மறுபடி ஹோம்ஸைக் கொண்டு வந்த நாவலோ ஒரு பேய் நாயைப் பற்றியது. ஊரே நடுங்கியது, இறுதியில் அது பாஸ்பரஸ் பூசிய வெறும் நாய். 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்பவர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். அமானுஷ்ய சக்திக்குக் கதையில் இடமே இல்லை என்பது அவற்றுள் ஒன்று. அவர் நாத்திகரோ என்று ஐயுற வேண்டாம். கத்தோலிக்கப் பாதிரியார்! ஆலயத்தில் தெய்வத்தைத் தொழுதவரே குற்ற விசாரணையில் பேயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாதென்றார். நம்மவரோ ஏற்ற வேண்டும் என்கின்றனர்.

"கதைதானே, இதற்கு இத்தனை கோபமா?" என்று கேட்பவர் உண்டு. கதையோடு நின்றுவிட்டால் நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். தோட்டத்தில் பிறந்தவர்கள் பழைய நாட்களை நினைத்துப் பார்க்கட்டும். லயத்திலே ஒரு தாலிச்சங்கிலி காணாமற் போனால் என்ன நடந்தது? தடயம் தேடினார்களா? வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவனைத் தேடினார்கள். மையிலே ஓர் உருவம் தெரிந்ததாம். கறுப்பாம், குட்டையாம், கிழக்குப் பக்கத்து வீடாம். அவ்வளவுதான். கிழக்குப் பக்கத்தில் இருந்த ஏழை ஒருவன் கள்ளனானான். அவன் மனைவி குழாயடியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமற் போயிற்று. பட்டணத்து மாடி வீட்டிலே இன்று மை இல்லை. ஆனால் மோதிரம் கைதவறினால் முதல் சந்தேகம் வேலைக்கு வந்த பணிப்பெண்மேல் விழுகிறதா, இல்லையா? கைப்பேசியிலே யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்து, "இவன்தான் பிள்ளை பிடிக்கிறவன்" என்று மறு நொடியில் நூறு பேருக்கு அனுப்புகிறோமா, இல்லையா? பேயைச் சாட்சியாக ஏற்ற மனம் வதந்தியையும் சாட்சியாக ஏற்கும். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்.

இதைவிடப் பெரிய கொடுமையும் வரலாற்றிலே உண்டு. 1871-இல் இந்தியாவிலே வெள்ளையராட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குலத்திலே பிறந்தான் என்று கேட்டது. பிறந்த குலத்தையே குற்றமாக்கிக் கைரேகை பதியச் சொன்னது. அதை எதிர்த்த மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் சுட்டதில் பதினாறு உயிர்கள் மாய்ந்தன. சென்னை மாகாணத்தில் 1947-இலும் இந்தியா முழுவதற்கும் 1952-இலும் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது; சிந்தனை ஒழிந்ததா? எத்தனை தமிழ் நாவல்களிலே கள்ளன் கறுத்தவனாகவும், தழும்புடையவனாகவும், சேரியிலிருந்து வந்தவனாகவும் இருக்கிறான்? எத்தனை நாவல்களிலே கொலையுண்ட பெண்ணின் 'நடத்தை' குற்றவாளியைவிடக் கடுமையாக விசாரிக்கப்படுகிறது? எத்தனை நாவல்களிலே போலீஸ் அடித்து வாங்கிய வாக்குமூலம் வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது? "கீழே வைக்க முடியவில்லை" என்ற முதற் கட்சியார் இவற்றைக் கண்டார்களா? கண்டிருந்தால் ஒரு முறையாவது கீழே வைத்து யோசித்திருப்பார்கள்.

நாம் முன்னே சொன்ன நாக்ஸ் பாதிரியாரின் விதிகளில் மற்றொன்று, கதையிலே சீனன் தோன்றலாகாது என்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இனவெறுப்புப்போல் தோன்றும். உண்மையில், அக்காலத்து ஆங்கில மலிவுக் கதைகளிலே மர்மமான வில்லன் என்றாலே சீனன்தான் என்றிருந்த சோம்பேறி வழக்கத்தை இடித்துரைப்பதே அதன் நோக்கம் என்பர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் சிங்கையிலே வாழ்கிற நமக்கு இதன் பொருள் விளங்காதா? முகத்தைக் காட்டிக் குற்றவாளி என்று நம்பச் செய்கிற கதாசிரியன், வாசகனையும் ஏமாற்றுகிறான், அயலானையும் அவமதிக்கிறான். நல்ல துப்பறியும் கதையின் பெருமை இதற்கு நேர்மாறானது. அதிலே எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர். செல்வரும் சரி, வேலைக்காரரும் சரி. சான்று ஒன்றே தீர்ப்புச் சொல்லும். இதைவிடச் சமத்துவமான நீதிமன்றம் வேறெங்கே உண்டு?

ஆகவே, மர்ம நாவல் ஒன்றைப் படித்து முடித்தவன் நாலு கேள்வி கேட்டுக் கொள்ளட்டும் என்கிறோம். துப்புகளை ஆசிரியர் நேர்மையாக என் கண்முன் வைத்தாரா, ஒளித்து வைத்தாரா? முடிவு சான்றிலிருந்து பிறந்ததா, திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததா? குற்றவாளியை நான் சந்தேகித்தது அவன் செய்கையாலா, பிறப்பாலும் தோற்றத்தாலுமா? செத்தவரை மனிதராகக் காட்டினாரா, வெறும் பிணமாகவா? இந்நாலுக்கும் விடை கூறுகிற அபிப்பிராயம் நாலு வரியாயினும் விமர்சனமே. கூறாதது நாற்பது பக்கமாயினும் அரட்டையே.

இதிலே தமிழின் எதிர்காலமும் அடங்கியிருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள்தொகைக் கணக்கின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010-இல் நூற்றுக்கு 3.3, 2020-இல் 2.5. கிளமெண்டிச் சாலையிலுள்ள சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டப்படிப்பு இருக்கிறது. கிளமெண்டி ரயில் நிலையத்தருகே பேரங்காடி மாடியில் 2011-இல் திறந்த பொது நூலகமும் இருக்கிறது. கட்டடத்துக்கும் படிப்புக்கும் குறைவில்லை. தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுக்கிற இளைஞனுக்கே குறைவு. பதினைந்து வயதுப் பிள்ளையைத் தமிழ் படிக்கச் செய்ய வேண்டுமானால், 'அடுத்து என்ன நடக்கும்?' என்ற ஆவலைவிடச் சிறந்த வாத்தியார் இல்லை. அந்தப் பிள்ளையின் கையிலிருக்கும் மர்ம நாவலைப் பிடுங்கி எறிகிற பண்டிதரே, நீர் அவனுக்கு வேறு எதைக் கொடுக்கப் போகிறீர்? பிடுங்கவேண்டாம். அருகே அமர்ந்து, "யார் செய்திருப்பார்? எப்படித் தெரியும்?" என்று கேளும். 'எப்படித் தெரியும்' என்ற அந்த ஒரு கேள்வியிலே பகுத்தறிவின் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

தோட்டத்து நண்பர்களே, பட்டணத்து நண்பர்களே! மர்ம நாவல்களைத் தாராளமாகப் படியுங்கள். நூலக வாசகர் வட்டங்களிலே பெரிய இலக்கியங்களோடு அவற்றையும் ஒரு நாள் விசாரணைக்கு வையுங்கள். புகழ்ந்தால் சான்று காட்டிப் புகழுங்கள். இகழ்ந்தாலும் சான்று காட்டியே இகழுங்கள். சான்றின்றி ஒரு புத்தகத்தின்மேல் தீர்ப்பு எழுதிப் பழகியவன், நாளைக்குச் சான்றின்றி ஒரு மனிதன்மேலும் தீர்ப்பு எழுதுவான். மதுரையிலே ஒரு முறை அப்படி எழுதப்பட்ட தீர்ப்புக்கு ஓர் ஊரே எரிந்தது.