உற்சாகம் குன்றிய உற்சவங்கள்
வயது ஏற ஏறச் சர்வதேசப் பந்தயங்களில் சிரத்தை குறைவது சரீர தர்மம் என்று நண்பர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். எனக்கு அது பூரண சம்மதமில்லை. 1983 ஜூன் 25 அன்று, லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், மதன்லால் வீசிய பந்தை ரிச்சர்ட்ஸ் ஆகாயத்தில் உயர்த்தியடிக்க, கபில்தேவ் முதுகைக் காட்டி ஓடி, தோளுக்கு மேலாக இறங்கிய அதனைக் கைகளில் ஏந்திய கணத்துக்கு அத்தனை மகிமை வாய்த்ததற்கு, அடுத்த கோப்பைக்கு நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற நியதியும் ஒரு காரணமன்றோ? இருபது ஓவர் உலகக் கோப்பையோ 2021, 2022 என்று அடுத்தடுத்து வந்தது (கொள்ளைநோயால் நேர்ந்த தாமதம் என்பது வாஸ்தவமே). கால்பந்திலும், 1982-இல் 52 ஆட்டங்களோடு முடிந்த உற்சவம் 2026-க்கு 104 ஆட்டங்களாக விஸ்தரிக்கப்பட்டது. இரவு பத்து மணிக்கே இமை கனக்கும் எனக்கு, காலைப் பத்திரிகையின் ஸ்கோர் அட்டவணையே போதும். அதிலும் யார் பந்தில் யார் பிடித்தார் என்ற வரிகள் மட்டும்.