தானே தொடங்கும் சர்வருக்குத் தானே நிற்கவும் தெரிய வேண்டும்

நிரலைச் செயலியாக பில்ட் செய்துதரும் கருவியான கிரேடிலில், 2016-இல் வெளியான 3.0 பதிப்பு முதல், பில்ட் செய்யக் கட்டளை கொடுத்தாலே ஒரு பின்னணிச் சர்வர் நம்மைக் கேட்காமல் தொடங்கிவிடுகிறது. வேலை முடிந்த பிறகும் அடுத்த கட்டளைக்காக நினைவகத்தில் காத்திருக்கிறது. ஆண்ட்ராய்டு போனோடு பேசும் ஏடிபியும் அப்படித்தான். முதல் கட்டளையிலேயே 5037 போர்ட்டில் தன் சர்வரை எழுப்பிக்கொள்கிறது. கேட்காமல் தொடங்கும் இந்த உரிமை மென்பொருளுக்கு உண்டா? உண்டு. ஆனால் தொடங்கியதைச் சொல்வது, பொருந்தினால் மட்டும் மறுபடி பயன்படுத்துவது, கணினியின் நிலையறிந்து விலகுவது ஆகிய மூன்று கடமைகளும் அதனோடு சேர்ந்தவை.

வேண்டியவர் கையால் தொடங்கிக்கொள்ளட்டும் என்பார் உண்டு. ஆனால் கிரேடில் ஓடுவது ஜாவா எந்திரத்தில். அது எழுந்து, கிளாஸ்களை ஏற்றி, அடிக்கடி ஓடும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றிக்கொண்ட பிறகுதான் முழு வேகத்துக்கு வருகிறது. ஒவ்வொரு பில்டுக்கும் இதைப் புதிதாகச் செய்வது வீண். 3.0-க்கு முன்பும் கிரேடிலில் இந்தச் சர்வர் இருந்தது. அமைப்பைத் தேடி இயக்கியவருக்கு மட்டும் பயன் தந்தது. புதிதாகக் கற்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே தானாகத் தொடங்குவதே நியாயம்.

சிக்கல் மறுபயன்பாட்டில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தன்னோடு வரும் ஜாவாவையும் டெர்மினல் வேறொரு ஜாவாவையும் பயன்படுத்தினால், கிரேடில் பழைய சர்வரை ஒதுக்கிப் புதியதைத் தொடங்குகிறது. பொருந்தாததை ஒதுக்குவது சரியே. அதை ஒரு வரியில் தெரிவிக்கவும் செய்கிறது. ஆனால் ஒதுக்கப்பட்ட சர்வர், நினைவகம் நெருக்கடிக்கு உள்ளானால் ஒழிய, மூன்று மணி நேரம் சும்மா இருந்த பிறகே விலகும். ஏடிபியோ நாம் நிறுத்தும்வரை விலகுவதில்லை. வேறு பதிப்பு ஏடிபி ஒன்று கட்டளையிட்டால் ஓடும் சர்வரைக் கொன்றுவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது. நடுவில் இருந்த இணைப்புகள் அறுந்துபோகின்றன.

நினைவகம் மலிவாகிவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. எல்லோருக்கும் அப்படியல்ல; விழுப்புரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. விழுப்புரம் மாவட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இங்கே தொழில் தொடங்கும் மாணவர் கையில் இருப்பது 8 ஜிபி லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ புது புராஜெக்ட்டுக்கு எழுதித்தரும் ஹீப் வரம்பு, அதாவது ஒரு கிரேடில் சர்வர் தன் தரவுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய நினைவகம், 2 ஜிபி. இரண்டு சர்வர்கள் சேர்ந்தால் பாதி நினைவகம்வரை போய்விடலாம். எமுலேட்டரும் பிரவுசரும் மீதிக்குப் போட்டியிடும். இயல்பு அமைப்பை வகுப்பவர் தம் மேசைக் கணினியை அல்ல, இந்த லேப்டாப்பையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டத்து விவசாயி போர்வெல் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தால், தண்ணீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் காப்பையும் சேர்த்தே வைப்பதுதான் முறை. கருவி செய்வோரிடம் நாம் கேட்பதும் அந்தக் காப்பையே. கற்பிப்போரும் முதல் பில்டைச் சொல்லித்தரும் அன்றே, ஓடும் கிரேடில் சர்வர்களைப் பார்க்கும் ‘ஸ்டேட்டஸ்’ கட்டளையையும் நிறுத்தும் ‘ஸ்டாப்’ கட்டளையையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.