வண்ணமும் வரம்பும்

வீடியோ விளையாட்டு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே கற்றோர் பலர் முகஞ்சுளிப்பர். அதனினும், பசுமையும் நீலமும் செம்மையும் விரவிய திரையில் ஒரு சிறு பாவை ஓடியும் தாவியும் செல்லும் விளையாட்டென்றாலோ, "அது மழலையர்க்கு உரியதாயிற்றே, கல்லூரி மாணவர்க்கு அதன்கண் யாது வேலை?" என வினவுவர். வண்ணப் பகட்டொன்றே அதன் கவர்ச்சிக்குக் காரணம் என்பது அவர்தம் கருத்து. அதன் இன்பம் வரம்பினின்றும் நேர்மையினின்றும் பிறப்பது என்பது என் துணிபு.

இதனை விளக்குதற்கு ஒரு விளையாட்டினை எடுத்துக்கொள்வாம். ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தார் 1985-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்பதே அது. ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா என்போர் அதனை வகுத்தனர்; கோஜி கொண்டோ இசையமைத்தார். அதன்கண் மேல்கீழும் இடவலமும் உண்டு, ஆழம் இல்லை. மாரியோ என்பான் வலப்புறம் நோக்கி ஓடுகின்றான், பள்ளங்களைத் தாண்டுகின்றான், பகைகளை மிதித்து வீழ்த்துகின்றான், உலகிற்கு நான்காக எட்டு உலகங்களில் அமைந்த 32 கட்டங்களையும் கடந்து, சிறைப்பட்ட இளவரசியை மீட்கின்றான். கதை இவ்வளவே.

முதற்கண் வண்ணத்தை நோக்குவாம். அவ்விளையாட்டுக்கு இடமாயிருந்த ஃபாமிகாம் என்னும் பொறி காட்டவல்ல நிறங்கள் ஏறக்குறைய 54. அவற்றுள்ளும் மாரியோவின் உருவத்திற்கு வாய்த்தவை மூன்றே. விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் அளவிற்குள் அடங்கிற்று. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் பன்மடங்கு பெரிது. ஆதலின், வானத்து முகிலுக்கு வரைந்த வடிவத்தையே பச்சை நிறமூட்டித் தரையிற் புதராக வைத்தனர். மாரியோவின் மீசையும் தொப்பியும் இவ்வாறு வந்தனவே. 1981-இல் 'டாங்கி காங்' என்னும் விளையாட்டில் அவன் முதன்முதல் தோன்றியபொழுது, மிகச் சில புள்ளிகளைக் கொண்டு வாயையும் தலைமயிரையும் வரைதல் அரிதாயிற்று. அக்குறையை மீசையும் தொப்பியும் மறைத்தன. இத்துணைச் சிக்கனத்திற் பிறந்த வண்ணத்தைப் பகட்டென்பது யாங்ஙனம் பொருந்தும்? தரை இது, பகை இது, பயன் தருவது இது எனக் கண்ட மாத்திரத்தே உணர்த்துதலே அதன் தொழில்.

வெண்பா பயின்றார்க்கு இஃது ஒரு புதுமையன்று. தளை தட்டலாகாது, ஈற்றடி முச்சீரான் முடிதல் வேண்டும் என்னும் விதிகள் புலவனைக் கட்டுவனபோலத் தோன்றினும், அவனது சொல்லைச் செறிவிப்பன அவ்விதிகளே அல்லவோ?

இனி, அவ்விளையாட்டின் முதற்கட்டத்தைக் காண்மின். அஃது ஒரு நல்லாசிரியனை ஒப்பது. தொடக்கத்தில் மாரியோ திரையின் இடப்புறத்தே நிற்க, வலப்புறம் வெறுமையாய்க் கிடக்கின்றது; செல்லும் திசை யாதென ஒருவரும் கூற வேண்டுவதில்லை. சிறிது தொலைவில் ஒரு பகை எதிர்வர, தாவுதலைக் கற்கின்றோம். வினாக்குறியிட்ட கட்டியை முட்டினால் வெளிப்படும் காளான், வலப்புறம் ஓடிக் குழாயில் மோதி நம்மிடமே திரும்பி வருகின்றது. தொட்டால் நன்மை விளையும் என்பதனை இவ்வாறு அறிகின்றோம். பின்னர் எதிரெதிரே இரு படிவரிசைகள் நிற்கின்றன; அவற்றினிடையே தரை உண்டு, தவறி வீழ்ந்தாலும் ஊறில்லை. அடுத்த இணையிலோ இடையே அடியற்ற பள்ளம்! அச்சமின்றிப் பயிற்றியபின் தேர்வு வைக்கும் இம்முறையைப் போற்றாதார் யாவர்?

இவ்விளையாட்டின் நேர்மையே யான் பெரிதும் மதிப்பது. பொத்தானை நெடிது அழுத்தின் உயரத் தாவுவான். சிறிதே அழுத்தின் தாழத் தாவுவான். நேற்றைக்கிருந்த பள்ளம் இன்றும் அவ்விடத்தே இருக்கும். வீழ்ந்தவன் ஊழை நோவதற்கு இடமில்லை. தன் கையே தவறிற்று என உணர்ந்து மீண்டும் முயல்கின்றான். முயன்றார்க்குப் பயன் உண்டு என்பதனைக் கண்கூடாகக் காணுதலினும் இன்பம் தருவது வேறு யாதுளது?

"இவ்விளையாட்டின் காலம் சென்றது" என்பாரும் உளர். 1996-இல் 'சூப்பர் மாரியோ 64' வெளிவந்து, மாரியோ ஆழமுள்ள வெளியிலும் உலாவத் தொடங்கினான் என்பது மெய்யே. ஆயினும் 2006-இல் 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ்', 2023-இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்' என அப்பழைய பக்கவாட்டு ஓட்டம் மீண்டும் மீண்டும் தளிர்த்தது. விரும்புவார் இலராயின் இவை எழுந்திரா.

காலக்கேடு என்னும் தடை எஞ்சி நிற்கின்றது. பாடத்தைத் துறந்து இரவெல்லாம் விளையாடுவாரை யான் ஆதரிக்கவில்லை. ஆயினும் விளையாட்டுக்கள் யாவும் ஓரினத்தவை என்பது தவறு. இக்காலத்துக் கைப்பேசி விளையாட்டுக்கள் பல முடிவில்லாதன. உள்ளே யாதிருக்கும் என்றறியாத பேழைகளைப் பொருளுக்கு விற்று, சூதின் இயல்பை மேற்கொள்வன. மாரியோவின் ஓட்டத்திலோ ஒவ்வொரு கட்டத்திற்கும் காலவரம்பு உண்டு. இளவரசியை மீட்டபின் கதை முடிகின்றது. ஒன்று நம்மைப் பிணிக்கின்றது. மற்றொன்று மகிழ்வித்து விடை கொடுக்கின்றது.

ஆதலின் பெரியோர்களே, மாணவ நண்பர்காள், ஒரு விளையாட்டினை அதன் வண்ணங்கண்டு இகழாதிருப்போமாக. அதன் விதி வெளிப்படையானதா, உழைப்புக்கு உரிய பயனை அளிப்பதா, உரிய காலத்தில் நம்மை விடுவிப்பதா என்னும் மூன்றனையும் வினவுவோமாக. இம்மூன்றிற்கும் ஆம் எனும் விடை கிடைப்பின், கற்றவரும் நாணாது விளையாடலாம்.