புஜைரா மடல்: வலிகாமத்தில் இரண்டு பரப்பா, வன்னியில் இரண்டு ஏக்கரா?



சில மாதங்களாக இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பாதி காணியைப் பற்றியவை. தமிழ்நாட்டு முகாம் ஒன்றில் இருக்கும் அக்கா ஒருவர், பிள்ளைகளோடு ஊர் திரும்பினால் வலிகாமத்தில் இரண்டு பரப்பு வாங்குவதா, அல்லது அதே காசைக் கொண்டு போய் வன்னியில் ஏக்கர் கணக்கில் வாங்குவதா என்று கேட்டிருக்கிறார். இங்கே எங்கள் தொழிற்சாலையிலும் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இதே கதைதான். சம்பளம் வந்த கிழமை காணிக் கதை, மாதக் கடைசியில் கடன் கதை. நான் சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடம் நின்றவன், லோயர் அல்ல. ஆனால் லீவில் போன ஒவ்வொரு முறையும் பஸ் ஏறியும் சைக்கிளிலும் காணி பார்த்துத் திரிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அளவு. யாழ்ப்பாணத்தார் பரப்பில் பேசுவார்கள், வன்னியார் ஏக்கரில் பேசுவார்கள். வீட்டுக்காணி, தோட்டக்காணி என்றால் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு பத்துப் பேர்ச். வயல் உறுதிகளில் வரும் நெல்லுப் பரப்பு இதைவிடச் சிறியது. ஆகவே விலையைக் கேட்டதும் "அடேயப்பா மலிவு" என்று துள்ளாமல், எந்தப் பரப்பு என்று கேளுங்கள். அதற்குப் பிறகு விலையை மறந்துவிட்டுத் தண்ணீரையும் பத்திரத்தையும் பாருங்கள். விலை கடைசியில் பார்க்க வேண்டியது.

வலிகாமத்துச் செம்மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெங்காயம், புகையிலை, மரவள்ளி, உருளைக்கிழங்கு என்று எதைப் போட்டாலும் கைவிடாத மண். ஆனால் அங்கே குளத்து நீர்ப்பாசனம் கிடையாது, எல்லாம் கிணறுதான். நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். அதற்குள் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதற்கும் கீழே உப்புத் தண்ணீர். மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வரும். போடுகிற பசளையும் அதே தண்ணீருக்குள்தான் இறங்குகிறது. சுன்னாகம் பகுதியில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனதையும் பலர் அறிவீர்கள். ஆகவே அங்கே வாங்குபவர் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுத்த பிறகே முற்பணம் கொடுக்க வேண்டும். பத்திரத்தைப் பொறுத்தவரை அங்கே பெரும்பாலும் உறுதிக்காணிகள்தான். அங்குள்ள சிக்கல் பங்காளிகள். பிரிக்கப்படாத பங்கை ஒருவர் விற்றால், தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினீர்கள் என்றால், சுவிசில் இருக்கும் பெறாமகன் ஒருவர் வழக்கோடு வந்து நிற்பார்.

இனி வன்னி. இங்குதான் எங்கள் ஆட்கள் கூடுதலாக ஏமாறுகிறார்கள், அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிளிநொச்சியின் உயிர் இரணைமடுக் குளம். கனகராயன் ஆறு அதை நிரப்புகிறது. குளத்தை நம்பி 1930களில் இருந்து அரசாங்கம் குடியேற்றங்களை அமைத்துக் காணி கொடுத்தது. அந்தக் காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. கையில் இருப்பது உறுதி அல்ல, அனுமதிப்பத்திரம். எங்கள் சனம் அதைப் 'பெர்மிட்' என்று சொல்லும். சில காலத்தின் பின் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அப்போதும் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றாலும் செல்லாது. நினைத்தபடி துண்டு போட்டுப் பிரிக்கவும் முடியாது. 2024இல் 'உறுமய' என்ற திட்டத்தில் சிலருக்கு முழு உரித்துள்ள உறுதி வழங்கப்பட்டது. அது கையில் உள்ளவரிடம் வாங்குவது வேறு கதை.

எங்கள் அறையில் ஓர் அண்ணை இருக்கிறார். ஆறு வருட உழைப்பில் இரண்டு ஏக்கர் பெர்மிட் காணியை, முத்திரை ஒட்டிய தாளில் கையெழுத்து வாங்கி, ஊர்ப் பெரியவர் இருவர் சாட்சியோடு வாங்கினார். வேலி போட்டார், தென்னை வைத்தார். விற்றவர் காலமானதும் பத்திரத்தில் பின்னுரித்தாளராகப் பதிந்திருந்த மகள் வந்து, காணி என்னுடையது என்றாள். சட்டம் அவள் பக்கம். அந்தப் பிள்ளையையும் நான் குறை சொல்லமாட்டேன், அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். தென்னை இப்போது காய்க்கிறதாம். அண்ணை இன்னும் இங்கே சூளைப் பக்கம் வேலை செய்கிறார்.

வயல் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலபோகத்துக்கு மழை இருக்கிறது, சிறுபோகத்துக்குக் குளம் வேண்டும். குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறதோ அந்த அளவுக்கே சிறுபோகம் பங்கிடப்படும். வாய்க்கால் தலைப்பில் உள்ள வயலும் கடைசியில் உள்ள வயலும் ஒரே விலை என்று தரகர் சொல்வார். விதைத்தவரைக் கேளுங்கள். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டு போகும் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்தபோது, விவசாயிகள் விடாப்பிடியாக எதிர்த்து நின்றதற்குக் காரணம் இதுதான். கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைத் தாழையடியில் கட்டி 2024இல் திறந்தார்கள். புஜைராவில் கித்பா நிலையத்துத் தண்ணீரைக் குடிக்கிற எங்களுக்கு அது புதுமை இல்லை, செலவு மட்டும் தெரியும்.

மேட்டையும் பள்ளத்தையும் பார்க்க மறக்காதீர்கள். 2022 ஜூலையில் இங்கே மலையில் இருந்து இறங்கிய வெள்ளம் வீதியை மூடியதை நாங்கள் கண்ணால் கண்டோம். அதுபோல 2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் நின்றன. ஆவணி மாதம் லீவில் போய்ப் பார்க்கும்போது எல்லாக் காணியும் மேட்டுக்காணியாகத்தான் தெரியும். மார்கழியில் ஒரு முறை உறவினர் ஒருவரை அனுப்பிப் படம் எடுப்பியுங்கள்.

மன்னார் பக்கம் கட்டுக்கரைக்குளத்தின் கீழ் முருங்கன் களிமண் நெல்லுக்கு நல்லது. கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிக்கும். மிளகாயும் வெங்காயமும் செய்து பழகிய தோட்டக்காரருக்கு அந்த மண் சரிவராது. பூநகரியும் அப்படித்தான், மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பெயர் போன ஊர், ஆனால் குடிக்க நல்ல கிணறு தேட வேண்டும்.

முல்லைத்தீவுப் பக்கம் விசுவமடு, ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு எல்லாம் தோட்டத்துக்கு வாய்ப்பான இடங்கள். 1970களில் இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் விசுவமட்டு மிளகாய் பலரைக் கல்வீடு கட்ட வைத்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்ததும் விலை விழுந்தது. மண் அதே மண்தான். இன்று அங்கே வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் காணிக்குள் வன இலாகா எல்லைக்கல் நட்டிருக்கிறதா என்பது. சனம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காடு பற்றிய காணிகள் பல, இப்போது காடு என்றே கணக்கில் இருக்கின்றன. அடுத்தது யானை. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் தொடர்வதால், முன்னரங்கு இருந்த பக்கங்களில் வெடி அகற்றப்பட்டதற்கான உறுதிப்படுத்தலையும் கச்சேரியில் கேட்டுப் பெற வேண்டும்.

ஏற்கனவே காணி உள்ளவர்கள் இதை வாசித்துவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். 2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி, வடக்கில் 5,940 ஏக்கர் அளவான காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லையேல் அரச காணி என்றது. முகாமிலும் வளைகுடாவிலும் இருப்பவன் மூன்று மாதத்துக்குள் தோம்பும் உறுதியும் தேடி எங்கே போவான்? ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஆனாலும் பழைய உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, பிளான் எதுவானாலும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

இன்னொரு வில்லங்கம் பெயர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணியை விலைக்கு வாங்க முடியாது. கனடா, லண்டன் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை பெறாதவர்களும் இதற்குள் அடங்குவர். அதனால் "தம்பி, உன் பெயரில் வாங்கு, காசு நான் போடுகிறேன்" என்று அழைப்பு வருகிறது. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் எனக்கே இரண்டு தெரியும். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இங்கிருந்து ஊரில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பவர்களும், அபுதாபித் தூதரகத்திலோ துபாய்த் துணைத்தூதரகத்திலோ கையெழுத்து வைக்கும்போது, 'வாங்குவதற்கு மட்டும்' என்று எழுதுவியுங்கள். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் ஏன் கொடுக்க வேண்டும்?

அக்காவுக்கு என் பதில் இதுதான். பத்து ஏக்கர் பெர்மிட் வயலை விட, பஸ் ஓடும் வீதிக்குக் கிட்ட, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில், நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள அரை ஏக்கர் உறுதிக்காணி போதும். அது பரந்தன் பக்கம் கிடைத்தாலும் சரி, வவுனியாப் பக்கம் கிடைத்தாலும் சரி. வலிகாமத்தில் அக்காவுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார், அப்படியானால் அந்த விலை கொடுத்து அங்கே போய் என்ன செய்வது? பிள்ளைகள் இருவரும் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்கிறார். அவர்களின் பெயரிலும் உறுதி எழுத விரும்பினால், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பையும் குடியுரிமையையும் பதிந்து பத்திரம் எடுத்துக்கொண்டு வாருங்கள், அக்கா. காணி அதற்குப் பிறகு பார்க்கலாம்.