மானியம் உறுதிக்கா, உழைக்கும் கைக்கா?

மண்ணைக் காப்பதற்கென்று அரசு காசு கொடுப்பது நல்ல காரியமே. மண்வளமும் கிணற்று நீரும் எமது பிள்ளைகளின் முதுசம். ஆனால் அந்தக் காசு யாருடைய கையைச் சேர்கிறது என்று கேட்கும் கடமை எமக்குண்டு.

2021 மே மாதம் சுற்றாடலின் பேரால் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கமக்காரர் வீதியில் இறங்கிய பின் நவம்பரில் அத்தடை நீங்கியது. நெற்செய்கையாளரின் நட்டத்துக்காக 2022 சனவரியில் 4,000 கோடி ரூபா அறிவிக்கப்பட்டது. 2024/25 பெரும்போகத்தில் நெல்லுக்கான பசளை மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் இவையெல்லாம் பதிவிலுள்ள நெல்வயலைப் பார்த்துக் கொடுக்கப்படுபவை. 1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண்ணை விட்டு வந்து, ஊரார் காணியில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு நாலு பரப்புத் தோட்டம் செய்பவரின் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது?

பிறநாட்டு அனுபவம் ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுக் கமச்சட்டம், மண்ணையும் நீரையும் காக்கும் கமக்காரருக்கு உதவுதொகை வழங்கும் திட்டமொன்றை ஏற்படுத்தியது. புளோரிடா, கலிபோர்னியாத் தோடைத் தோட்டக்காரரும் நீரைச் சிக்கனப்படுத்தும் பாசன முறைக்கு இதில் உதவி பெறலாம். செலவில் 75 வீதம் வரையும், வருமானம் குறைந்தோருக்கும் புதிதாகக் கமத்தில் இறங்குவோருக்கும் 90 வீதம் வரையும் கிடைக்கும். இவ்விரு சாராரும் அரைப்பங்கை முற்பணமாகவும் கேட்கலாம்.

அங்கும் குறை இருந்தது. மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் காணியைத் தலைமுறையாகச் செய்த குடும்பங்கள், அவர்களுள் கறுப்பின மக்கள் பலர், உறுதி தம் பெயரில் இல்லாததால் ஒதுக்கப்பட்டன. 2018 ஆம் ஆண்டுக் கமச்சட்டம், வேறு ஆவணங்களைக் காட்டிப் பதிவு பெற அவர்களுக்கு வழிதிறந்தது.

இது எமது நாட்டுக்கு ஆகாத காரியமல்ல. யுத்தத்தால் தம் காணிக்குப் போகமுடியாதிருந்தோருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பிறரின் ஆட்சிக்காலமாகக் கணக்கெடுக்கலாகாது என்று 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கூறியது. இடப்பெயர்வு ஒருவரின் உரிமையைத் தின்னக்கூடாது என்ற இந்த நீதி மானியத்துக்கும் பொருந்தாதா?

தேசியும் தோடையும் காய்க்கச் சில வருடங்கள் வேண்டும். அடுத்த வருடம் காணி கையிலிருக்குமா என்று தெரியாதவர் மரம் நடமாட்டார். மூன்று மாதப் பயிரையே வைப்பார். மாட்டெருவும் குழைத்தாழ்வும் போட்டு மண்ணைத் தேற்றினால், பலனை அடுத்த குத்தகைக்காரர் அல்லவா அறுப்பார்? இது அவருடைய குற்றமல்ல. பாதுகாப்பற்ற குடியிருப்பு மண்ணையும் வறியதாக்குகிறது. ஆகவே எமக்கு நீதி செய்வதும் சுற்றாடலைக் காப்பதும் ஒரே வேலைதான்.

நாம் கேட்பவை மூன்று. உறுதி இல்லாவிடத்துக் கிராம அலுவலரும் கமக்காரர் அமைப்பும் தரும் சான்றை ஏற்கவேண்டும். நெல்லோடு பழமரத்துக்கும் தோட்டப் பயிருக்கும் மானியம் வேண்டும். கையில் முதலில்லாதவருக்கு ஒரு பங்கை முன்கூட்டியே தரவேண்டும்.

எமது பக்கத்திலும் வேலை உண்டு. குத்தகையைச் சிறு துண்டிலாவது எழுதி இருவரும் ஒப்பமிடுவோம். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரப்படுத்துவோம். கமநல சேவை நிலையத்துக்குத் தனித்தனியே அலையாமல், கூட்டாகப் போய்ப் பெயரைப் பதியக் கேட்போம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம்.

தோட்டத்தை உழுது காக்கும்படி ஆண்டவர் மனிதனை அதில் வைத்தார் என்கிறது வேதாகமம். அவனிடம் உறுதி கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை.