பழகிய உணவும் பகையாகலாம்

ஊரில் ஒடியற் கூழுக்குள் நண்டும் இறாலும் நிறைத்து உண்டு வளர்ந்தவர்கள் நாம். அதே இறால் நாற்பது வயதுக்குப் பின் உதட்டை வீங்கச் செய்து மூச்சை அடைக்கும் என்றால் எம்மவர் நம்புவதில்லை. "இத்தனை காலமும் சாப்பிட்டதுதானே" என்பர். ஆயினும் இறால், நண்டு ஆகியவற்றின் ஒவ்வாமை வளர்ந்தோரிடம் புதிதாகத் தோன்றுவது வழமையே. இவற்றிலுள்ள திரொப்போமயோசின் என்னும் புரதத்தை ஒத்தவை வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் கரப்பானிலும் உண்டு. தூசிக்குத் தும்முவோரிற் சிலர் இறாலுக்கும் அவதியுற இதுவும் ஒரு காரணம்.

"கொஞ்சம் கொஞ்சமாக உண்டால் பழகிவிடும்" என்று வீட்டிலேயே பரிகாரம் தேடுவோரும் எம்மிடையே உளர். எண்ணம் பிழையன்று, செய்யும் இடமே பிழை. 1908இல் அல்பிரட் ஸ்கோபீல்ட் என்னும் ஆங்கிலேய வைத்தியர், முட்டை ஒவ்வாத 13 வயதுச் சிறுவனுக்கு முட்டையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மாத்திரையாக்கிக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டி, ஈற்றில் முட்டை உண்ணச் செய்தார். 1911இல் இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் லெனாட் நூன், புல்லின் மகரந்தச் சாற்றை ஊசிமூலம் ஏற்றி இவ்வழியையே கையாண்டார்.

2025இல் வெளியான ஓர் ஆய்வில், இலண்டன் கைஸ் அன்ட் சென் தோமஸ் வைத்தியசாலையும் கேம்பிரிட்ஜ் வைத்தியசாலையும் கச்சான் ஒவ்வாத வளர்ந்தோர் 21 பேருக்கு இம்முறையில் சிகிச்சையளித்தன. 14 பேர் ஐந்து கச்சான் பருப்புக்கு ஒத்த அளவைத் தாங்கினர். அளவு கூட்டப்படும் வேளைகளில் அவர்கள் வைத்தியர் கண்காணிப்பில் இருந்தனர். இது நோயை அடியோடு நீக்குவதன்று. தவறுதலாக உண்டால் உயிரைக் காப்பது. இறாலுக்கு இத்தகைய சிகிச்சை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. விலக்குவதே வழி.

ஆதலால், உண்டபின் தடிப்போ வீக்கமோ கண்டால் குடும்ப வைத்தியரிடம் கூறி, ஒவ்வாமைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பும்படி கேட்போம். விசா நிலை எதுவாயினும் குடும்ப வைத்தியரிடம் பதியலாம்; மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பள்ளிப் பிள்ளையை அழைத்துச் சென்று பேசவைக்க வேண்டியதில்லை. அட்ரினலின் ஊசி தரப்பட்டால் இரண்டையும் எப்போதும் உடன் வைத்திருப்போம். மூச்சு முட்டினால் தாமதமின்றி ஊசியை ஏற்றி 999ஐ அழைப்போம்.

கூழை விட்டுவிட வேண்டியதில்லை. இறால் போடாத கூழும் கூழ்தான்.