மெஷின் மேல பழி போடாதீங்க, பிடிமானத்தைப் பாருங்க

பூஜையறைக் கதவில் செதுக்கிய மணி கோணலாக வந்துவிட்டால் பட்டறையில் முதல் திட்டு பிட்டுக்கு. அடுத்தது மெஷினுக்கு. "சைனா சரக்கு சார், இப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். மிச்சத் திட்டு டிசைன் போட்ட பையனுக்கு. பலகை மேசையில் ஆடாமல் இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சி.என்.சி. ரவுட்டரில் வேலை கெட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது என் கட்சி.

மெஷின் வாங்கும்போதே கோளாறு ஆரம்பிக்கிறது. ஸ்பிண்டில் எத்தனை கிலோவாட், மேசை எட்டுக்கு நாலா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். பலகையை எப்படிப் பிடிக்கும் என்றால், "வேக்குவம் டேபிள் சார், சுவிட்சைப் போட்டா பல்லி மாதிரி ஒட்டிக்கும்" என்று ஒரே வரியில் பதில். டெமோவில் முழு ஷீட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அது ஒட்டத்தான் செய்யும். விஷயம் அங்கே இல்லை மக்களே!

வேக்குவம் பலகையை இழுப்பதில்லை. அடியில் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது, மேலே இருக்கும் காற்று அழுத்துகிறது, அவ்வளவுதான். அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. கசிவெல்லாம் போக 600 கிராம் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30க்கு 30 சென்டிமீட்டர் பலகை என்றால் 540 கிலோ. யானை உட்கார்ந்த மாதிரி நிற்கும். 5க்கு 5 துண்டு என்றால்? வெறும் 15 கிலோ. அதுவும் கீழ்நோக்கி அழுத்துகிற பலம். பிட் தள்ளுவதோ பக்கவாட்டில். அதைத் தடுப்பது உராய்வு மட்டும்தான், அது இந்த 15 கிலோவில் பாதிகூடத் தேறாது. அதே பம்ப், அதே மேசை. பெரிய பலகைக்கு மலை, சின்னத் துண்டுக்கு மயிலிறகு. இதை விற்கிறவர் சொல்ல மாட்டார், வாங்குகிறவரும் கேட்க மாட்டார்.

"அனுபவம் இருந்தா ரெண்டு ஆணி அடிச்சுச் சமாளிக்கலாம் தம்பி" என்பார்கள். பதிவுலகத்தில் நாம் பிடுங்குகிற ஆணி இல்லை, நிஜ ஆணி :-) நொடிக்கு 300 சுற்று சுற்றுகிற பிட் அந்த இரும்பில் பட்டால் என்ன ஆகும்? கிளாம்ப் போட்டாலும் இதே கதைதான். மெஷினுக்குக் கண் கிடையாது. கிளாம்ப் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பாதை போடாவிட்டால், பிட் நேராகப் போய் அதில்தான் மோதும்.

சரி, தீர்வுக்கு லட்சக்கணக்கில் செலவாகுமா என்றால், இல்லை. மேசை மேல் போடுகிற எம்.டி.எஃப். பலகையின் இரண்டு முகத்தையும் லேசாகச் சீவினால் காற்று நன்றாகப் போகும். அதன் ஓரங்களுக்குப் பெயின்ட் அடித்தால் கசிவு குறையும். வேலை நடக்காத பகுதியின் வால்வை மூடலாம். ஷீட் முழுசாக இருக்கும்போதே சின்னத் துண்டுகளை முதலில் வெட்டலாம். ஒரே மூச்சில் அறுத்துத் தள்ளாமல், அடியில் அரை மில்லிமீட்டர் தோல் விட்டு, கடைசிச் சுற்றில் எடுக்கலாம். அல்லது அங்கங்கே சின்னப் பாலம் விட்டுப் பிறகு கையால் அறுக்கலாம். மெல்லிய ஷீட்டுக்கு மேலே தூக்குகிற பிட்டை விட்டுக் கீழே அழுத்துகிற பிட் போடலாம். அக்ரிலிக் எழுத்துக்கு, எழுத்தின் அடியிலும் மேசையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டுக்கும் நடுவே சூப்பர் க்ளூ விட்டால் போதும். டேப் என்ன விலை? ஒரு பிட் என்ன விலை?

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு உறுத்துவது கணக்குதான். மெஷினுக்குத் தேய்மானம் எழுதுகிறோம். உடைந்த பிட்டும் பாழான தேக்கும் "வேஸ்டேஜ்" என்ற ஒரே தலைப்பில் போய் ஒளிந்துகொள்கின்றன. காரணம் வாரியாகப் பிரித்து ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், பிடிமானம் எவ்வளவு தின்கிறது என்று தெரியும்.

எந்தத் தலைப்பிலும் வராத செலவு ஒன்று உண்டு. துண்டு ஆடுகிறது என்று தெரிந்ததும் "டேய், கொஞ்சம் அமுக்கிப் பிடிடா" என்று ஹெல்ப்பரைக் கூப்பிடுகிறார்களே, அது. கிளாம்ப் செய்ய வேண்டிய வேலையை ஒரு பையனின் விரல் செய்கிறது. கிளாம்ப் போனால் வேறு வாங்கலாம். விரல்? இதற்கு "அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்று பெயர் வைத்திருப்பது அநியாயம். துண்டு ஆடினால் மெஷினை நிறுத்த வேண்டும், கையை நீட்டக் கூடாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

அடுத்து மெஷின் வாங்கப் போகிறவர்கள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். முழு ஷீட் டெமோ முடிந்ததும் அதை நீட்டி, "இதை வெட்டிக் காட்டுங்க சார்" என்று கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.